காற்றில் மிதக்கும் ரயில்: வேகத்தை விட்டுவிட்டு பாயின்ட்டைப் பாருங்கள்

1974 மார்ச் 5 அன்று, பிரான்சின் ஓர்லியான் அருகே பொறியாளர் ழான் பெர்த்தானின் 'ஏரோத்ரேன்', அதாவது காற்று மெத்தை மேல் மிதந்து ஓடும் வண்டி, மணிக்கு 430.4 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஜூலையில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. புதுவகைப் போக்குவரத்தை மதிப்பிடும் யாரும் இதற்கான காரணங்களைப் படித்தே ஆகவேண்டும்.

பெட்டியைத் தூக்குவது கடினமாக இல்லை. செங்குத்தாகக் கிளம்பும் விமானத்துக்கு எடையை மிஞ்சும் உந்துவிசை வேண்டும். பெட்டிக்கு அடியில் காற்றை ஊதி உருவாக்கும் மெத்தைக்கு அவ்வளவு உந்துவிசை வேண்டாம். 20 டன்னை 40 சதுர மீட்டரில் பரப்பினால், காற்றழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலே பெட்டி எழும்பிவிடும். ஆனால் பெட்டிக்கும் பாதைக்கும் நடுவே காற்று கசியும் இடைவெளி இரட்டிப்பானால், ஊதும் சக்தியும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால்தான் பாதையின் கான்கிரீட் மட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்கவேண்டும். ஒரே பெரிய மெத்தை வைத்தால் பெட்டி சாயும்போது ஒரு பக்கம் காற்று வெளியேறி, சாய்வு கூடும். பெர்த்தான் மெத்தையைத் தனித்தனி அறைகளாகப் பிரித்தார். தாழும் பக்கத்தில் அழுத்தம் கூடி அது பெட்டியை நிமிர்த்தும். இந்தப் பகுதி அருமையான பொறியியல், இன்றும் படிக்கத் தகுந்தது.

சிக்கல் பாதையில் இருந்தது. தலைகீழ் 'T' வடிவக் கான்கிரீட். நடுச்சுவர்தான் வண்டிக்கு வழிகாட்டி. சாதாரண ரயில் தடம் மாற, தடங்கள் பிரியும் இடமான பாயின்ட்டில் இரண்டு இரும்பு நாக்குகளை நகர்த்தினால் போதும். இங்கே அந்தச் சுவரையே நகர்த்த வேண்டும். ஓர்லியான் அருகே 18 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையின் முனைகளில் வண்டியைத் திருப்பச் சுழல் மேடைகள்தான் இருந்தன. பழைய நிலையங்களுக்குள் நுழைய வழியே இல்லை. நகருக்குள் புதிதாக மேம்பாலம் கட்டவேண்டும். 1981-இல் பிரான்சின் அதிவேக ரயிலான டி.ஜி.வி. புதுப்பாதையில் ஓடி, பழைய தண்டவாளம் வழியாகவே பாரிசுக்குள் வந்தது.

அடுத்தது உந்துவிசை. சாதனை படைத்த ஐ80 வண்டியின் முதுகில் விமான ஜெட் என்ஜின். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்த எரிபொருள் கணக்கு கட்டுப்படியாகாது. குடியிருப்புகளுக்கு அருகே அந்தச் சத்தத்தையும் தாங்க முடியாது. நேரியல் மின்மோட்டார் (சுழலாமல் நேர்கோட்டில் தள்ளும் மோட்டார்) பொருத்திய எஸ்44 வண்டி சத்தத்தைக் குறைத்தது, ஆனால் தடம் மாறும் சிக்கலைத் தீர்க்கவில்லை. பாரிஸ் அருகே லா தெபான்ஸ்–செர்ஜி இடையிலான ஏரோத்ரேன் பாதைக்கு 1974 ஜூன் 21 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் ஜூலை 17 அன்று ரத்தானது.

புதிய மாதிரி வண்டி எதைக் காட்டினாலும் மூன்று வரைபடங்களைக் கேளுங்கள்: இரண்டு தடம் பிரியும் இடம், நகர நிலையத்தின் குறுக்குவெட்டு, நடுவழியில் மின்சாரம் போனால் பயணிகள் இறங்கும் வழி.