திரை கேட்கும், பிஎல்சி பதில் சொல்லும்

தொழிற்சாலை இயந்திரங்களின் முகப்பில் ஒரு டச் ஸ்கிரீன் இருக்கும். எச்எம்ஐ என்பார்கள், மனிதனும் இயந்திரமும் பேசிக்கொள்ளும் முகப்பு. டேங்கின் வெப்பநிலை 85.5 டிகிரி என்று அதில் தெரிகிறது. ஆனால் சென்சாரின் வயர் திரைக்கு வருவதில்லை, பேனலுக்குள் இருந்து இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியான பிஎல்சிக்குத்தான் போகிறது. திரைக்கும் பிஎல்சிக்கும் நடுவே பெரும்பாலும் ஒரே ஒரு கேபிள்தான்.

அந்தக் கேபிளில் பேசப்படும் மொழிகள் பல. ரொம்பப் பழையதும் எளிதானதும் மாட்பஸ். மோடிகான் நிறுவனம் 1979-ல் தன் பிஎல்சிகளுக்காக உருவாக்கியது, இன்னும் ஓய்வு பெறவில்லை. இதில் மாஸ்டர் கேட்க வேண்டும், ஸ்லேவ் பதில் சொல்ல வேண்டும். வழக்கமாகத் திரைதான் மாஸ்டர். டேங்க் கொதித்து வழிந்தாலும் பிஎல்சி தானாக வாய் திறந்து திரையிடம் சொல்லாது.

ஆர்எஸ்-485 என்ற வகை வயரில் போகும் கேள்வி ஒன்றைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களில் பார்ப்போம்: 01 03 00 00 00 01 84 0ஏ. மொத்தம் எட்டு பைட். முதல் 01, பிஎல்சியின் முகவரி. 03 என்றால் 'ரெஜிஸ்டரைப் படி'. ரெஜிஸ்டர் என்பது பிஎல்சியில் ஒரு எண்ணை வைக்கும் நினைவக அறை. அடுத்த இரண்டு பைட் எங்கிருந்து என்பதையும், அதற்கடுத்த இரண்டு எத்தனை என்பதையும் சொல்கின்றன. கடைசி இரண்டும் சிஆர்சி, வழியில் ஏதாவது பிட் கெட்டுப்போனதா என்று பார்க்க. மேனுவலில் 40001 என்று அச்சிட்டிருக்கும் ரெஜிஸ்டர் வயரில் 0 ஆகத்தான் போகும்: முன்னால் இருக்கும் 4 ரெஜிஸ்டரின் வகை, மிச்சம் மேனுவலில் 1-லிருந்தும் வயரில் 0-விலிருந்தும் எண்ணப்படுகிறது. இந்த ஒரு எண் வித்தியாசத்தில் பக்கத்து ரெஜிஸ்டரைப் படித்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

பதில் 01 03 02 03 57, அதன் பின்னால் சிஆர்சி. நடுவில் இருக்கும் 02, அடுத்து வரும் தரவு இரண்டு பைட் என்று சொல்கிறது. பதினாறடிமான 0357 நம் கணக்கில் 855. ரெஜிஸ்டரில் புள்ளிக்கு இடமில்லை. 85.5 ஆக்கிக் காட்டுவது திரையின் வேலை.

9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் கேள்விக்கு 9 மில்லி விநாடி, பதிலுக்கு 8. நூறு அளவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் வயரில் மட்டுமே 1.7 விநாடி போய்விடும். அவற்றை அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களில் வைத்து ஒரே கேள்வியில் வாங்கினால் கால் விநாடி போதும். ஒரு கேள்வியில் 125 ரெஜிஸ்டர் வரை கேட்கலாம். திரை மந்தமாக இருக்கிறது என்று புதிதாக ஒன்று வாங்கும் முன், ரெஜிஸ்டர்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

சரி, பட்டனைத் தொட்டால்? அப்போது திரை படிப்பதில்லை, எழுதுகிறது. 'அழுத்தும் வரை ஓடு' வகைப் பட்டனில் விரல் பட்டதும் ஒரு பிட்டில் 1 எழுதும், விரலை எடுத்ததும் 0. இரண்டுக்கும் நடுவில் கேபிள் கழன்றால் 0 போய்ச் சேராது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கவனமானவர்கள், திரை ஒரு எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றி பிஎல்சியில் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும்படி வைப்பார்கள். எண் மாறுவது நின்றால் பிஎல்சியே மோட்டாரை நிறுத்திவிடும். அவசர நிறுத்தத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடும் போதாது. அந்தச் சிவப்புக் காளான் பட்டனுக்குத் தனி வயர்தான்.