இருட்டு வெளுத்தால் விளக்கும் அணையும்

மழை இரவைக் காட்டும் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம் ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பல ஆண்டுகள் தொங்கிய படம். "விளக்கை மட்டும் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கித் தர முடியுமா?" என்று கேட்டார். விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சுற்றியிருந்த இருட்டுதான் வெளுத்திருந்தது.

பழங்காகிதங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, இத்தகைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுயி 1926இல் படைத்த, 'ஷின் ஓஹாஷி' என்னும் பாலத்தின் அச்சுப் படம் நினைவுக்கு வரும். கொட்டும் மழை, இரும்புப் பாலம், தனியே செல்லும் ஒரு ரிக்‌ஷா, ஈரத் தரையில் சிதறும் விளக்கொளி. பலர் இதைத் தனிமையின் சித்திரம் என்பார்கள். எனக்கு அது ஆறுதலின் சித்திரம். 1923 செப்டம்பர் 1 அன்று நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவை அழித்தபோது, சுமிதா ஆற்றின் மீது இந்தப் பாலம் நிலைத்து நின்றது. ஏராளமானோர் அதில் ஏறி உயிர் தப்பினார்கள். ஆளைக் காத்த பாலம் என்றே மக்கள் அதை அழைத்தார்கள். அந்தப் பேரழிவில் ஹசுயி இழந்தவை 188 ஓவியக் குறிப்பேடுகள். அதற்கு மூன்றாண்டுக்குப் பின், அந்தப் பாலத்தின் மேல் அவர் ஒரு விளக்கை எரியவிட்டிருக்கிறார்.

அந்த வெளிச்சத்தை உண்டாக்குவது மஞ்சள் வண்ணம் மட்டுமல்ல, அதைச் சூழ்ந்த கருநீலமும்தான். ஈரமாக்கிய பலகையில் வண்ணத்தைத் தூரிகையால் அடர்த்தியிலிருந்து மெல்லியதாகப் படிப்படியாகக் கரைத்து அச்சிடும் முறைக்கு 'பொகாஷி' என்று பெயர். ஒவ்வொரு தாளுக்கும் அச்சுக்காரர் அதைக் கையால் மறுபடியும் செய்தாக வேண்டும். அவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய இரவை, ஜன்னல் வெயில் சத்தமில்லாமல் உறிஞ்சிவிடுகிறது. மங்கிய சாயத்தை எந்த ரசாயனமும் மீட்டுத் தராது.

ஆகவே, வெயில் எட்டாத சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களுக்குச் சுமார் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலான ஒளியே தருகின்றன. அதுவும் சில மாதங்கள்தான், பிறகு இருட்டறைக்கு அனுப்பிவிடுகின்றன. புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, சாயம் மங்குவதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி இருக்கட்டும். பின்அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும்.

வந்தவரின் படத்தில் நான் வண்ணம் தீட்டவில்லை. அமிலம் ஏறிய அட்டையை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். இப்போது அது ஜன்னல் இல்லாத நடையில் தொங்குகிறது. மீந்திருக்கும் கருநீலத்துக்கு நடுவே விளக்கு இன்னும் எரிகிறது.