அந்த எட்டு லட்சம் ஆஸ்பத்திரிக்கு உதவாது

ஓய்வுக்காலத்துக்கென்று தாய்லாந்து வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி மாட்டிக்கொண்டவர்களில் இந்த வருடம் இவர் மூன்றாவது. மூவரும் பெண்கள். மூவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், தனியாக வீடெடுத்து இருந்தவர்கள். மூன்று வீட்டிலும் எட்டு லட்சம் பாட் இருப்புக் காட்டும் பாஸ்புக் ஒன்று பத்திரமாக இருந்தது. ஒருவருக்கும் அது உதவவில்லை. தூக்கம் வராமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வட தாய்லாந்தில் லம்பாங் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் பிரிவில் இருக்கிறேன். டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதைக் கணக்குப் பிரிவுக்கும் மொழிபெயர்ப்பது வேலை. இரண்டாவதுதான் கஷ்டம்.

கடைசியாக வந்தவர் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், 71 வயது. சனிக்கிழமை இரவு குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இங்கேயும் நம் ஊர் மாதிரிதான், குளியலறைத் தரை காய்வதே இல்லை. இடுப்பெலும்பு முறிவு. போன் படுக்கையறையில். தினமும் காலையில் ஒட்டரிசி வாங்க வரும் 'பா'வை இரண்டு நாளாகக் காணோமே என்று தெருமுனையில் விற்கிற பெண் திங்கட்கிழமை போய்ப் பார்த்ததால் உயிரோடு கிடைத்தார். பா என்றால் பெரியம்மா. வயதான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முன்பணம் கேட்டார்கள். "என்னிடம் எட்டு லட்சம் இருக்கிறது" என்றார், வலியிலும் ஒரு நிம்மதியோடு. எனக்கு வயிற்றைப் புரட்டியது. அது எந்த எட்டு லட்சம் என்று எனக்குத் தெரியும். விசா புதுப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அது முடியும்வரை அந்தப் பணத்தைத் தொடமாட்டேன் என்று அவரே அடுத்த வாக்கியத்தில் சொன்னார். நான்காம் நாள் நிமோனியா, வென்டிலேட்டர். அதன்பிறகு தொட நினைத்தாலும் அவரால் முடியாது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். பில் ஆறு லட்சத்துச் சொச்சம். பில் எங்கள் கட்டடத்தில் இருக்கிறது, பணம் எதிர்ச்சாரியில் உள்ள வங்கியில் இருக்கிறது. நடுவில் ஒரு சாலைதான். இன்றுவரை இரண்டும் சந்திக்கவில்லை.

இந்த எட்டு லட்சத்தைப் பற்றிப் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிற அத்தனை பேரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஐம்பது வயதான வெளிநாட்டவர் ஓய்வுக்காலத்துக்கென்று இங்கே தங்கி ஆண்டுதோறும் நீட்டிப்பு வாங்க, மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும், அல்லது தாய் வங்கியில் 8 லட்சம் வைத்திருக்க வேண்டும், அல்லது இரண்டையும் கலந்து அந்த அளவுக்குக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் 8 லட்சத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அது கணக்கில் இருக்க வேண்டும். நீட்டிப்புக் கிடைத்தபின் மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும். மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்தில் ஐந்து மாதம் ஒரு பாட்கூட எடுக்க முடியாது. மற்ற ஏழு மாதத்தில் பாதியை எடுக்கலாம், ஆனால் அடுத்த விண்ணப்பத்துக்கு முன் திருப்பி நிரப்ப வேண்டும். அவசரத்துக்கு உடைக்கிற உண்டியல் என்று இதை எப்படிச் சொல்கிறீர்கள்? உடைத்தால் உயிர் பிழைப்பீர்கள், விசா போய்விடும். எழுபது வயதில் இடுப்பில் கம்பியோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமான விஷயம், அந்தக் கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறது. நினைவிழந்தால் வேறு யாரும் எடுக்க முடியாது. இறந்துவிட்டால் கணக்கு முடங்கும். சொத்தை நிர்வகிக்க ஒருவரை நீதிமன்றம் நியமித்த பிறகுதான் திறக்கும். "தோழிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேனே" என்பார்கள். நீங்கள் இறந்த நொடியில் அந்தப் பவரும் செத்துவிடும். லீட்ஸில் இருக்கிற அக்கா மகள் அங்கிருந்து பிறப்புச் சான்றிதழ் தேடி, தாய்லாந்து மொழிக்கு மாற்றி, முத்திரை வாங்கி, வக்கீல் பிடித்து வரவேண்டும். அந்த அக்கா மகளைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. போனில் பூட்டு. என்ன எண் என்று யாருக்குத் தெரியும்?

தூதரகம் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த கற்பனை. சொந்தக்காரர்களைத் தேடித் தகவல் சொல்வார்கள், வக்கீல் பட்டியல் கொடுப்பார்கள். உங்கள் பில்லைக் கட்டமாட்டார்கள். பெரும்பாலான தூதரகங்களில் இதே கதைதான்.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். சொந்த நாட்டில் இருந்தபடி ஓ-ஏ (O-A) என்ற ஓய்வுக்கால விசா வாங்கினால் மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2019 அக்டோபர் கடைசியில் வந்த விதி. நான்-ஓ (Non-O) என்ற இன்னொரு வகை விசாவில் வந்து இங்கேயே நீட்டிப்பவர்களிடம் கேட்பதில்லை. உடனே ஏஜென்ட் என்ன சொல்வார்? "மேடம், நான்-ஓ போங்க, இன்சூரன்ஸ் தொல்லை இல்லை." இமிகிரேஷன் அதிகாரி கேட்கவில்லை என்பதால் உங்கள் எலும்புக்கு அது தெரியுமா? அந்த ஆசிரியையும் காப்பீடு வைத்திருந்தவர்தான். வயது ஏற ஏற பிரீமியம் ஏறியது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியமோ தாய்லாந்தில் வாழ்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் உயராது, முதலில் வாங்கிய தொகையிலேயே நிற்கும். 68 வயதில் பாலிசியை விட்டுவிட்டார். மறுபடி எடுக்கப் போனால் எழுபதுக்கு மேல் புதிதாகச் சேர்க்கிற நிறுவனங்கள் குறைவு. சேர்த்தாலும் பழைய நோய்களைக் கழற்றிவிட்டுத்தான் சேர்ப்பார்கள்.

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எனக்கு எழுதிக் கேட்கும் சகோதரிகளே, ஊரில் எடுத்த உங்கள் ஹெல்த் பாலிசியை இன்றே எடுத்து, வெளிநாட்டுச் சிகிச்சை பற்றிய பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அது இங்கே செல்லாது. பயணக் காப்பீடு குடியிருக்க வருகிறவர்களுக்கு ஆனதே இல்லை. ஸ்கூட்டர் ஓட்டுவதாக இருந்தால், மோட்டார் சைக்கிளுக்கான லைசென்ஸ் இல்லாமல் விழுந்தால் பெரும்பாலான காப்பீடுகள் கைகொடுக்காது. கார் லைசென்ஸைக் காட்டி என்னிடம் சண்டை போடாதீர்கள்.

காப்பீடு கிடைக்காத வயதா? அப்படியானால் விசாப் பணம் தனி, ஆஸ்பத்திரிப் பணம் தனி. இரண்டாவது பணம் வேறொரு கணக்கில், வேறொருவரும் எடுக்கும்படி இருக்கட்டும். கூடவே, தனியாருக்கு ஓடாதீர்கள். (என் முதலாளி இதைப் படிக்கமாட்டார், தமிழ் தெரியாது.) ஒவ்வொரு மாகாணத்திலும் பெரிய அரசு மருத்துவமனை ஒன்று உண்டு. தாய் மக்களுக்கான கட்டணம் உங்களுக்குக் கிடைக்காது, கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனாலும் தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு. மாலையில் எங்களிடம் வந்து பார்க்கிற நிபுணர்களில் பலர் பகலில் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அதே கத்தி, அதே கை. உடம்பு நன்றாக இருக்கும்போதே அங்கே போய் ஒரு அட்டை போட்டு வையுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 1669. எதிர்முனையில் தாய்லாந்து மொழிதான் பேசுவார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டு எண், மூ (கிராம எண்), தம்போன் (ஊர் வட்டாரம்), பக்கத்துக் கோயில் பெயர் இவ்வளவையும் தாய்லாந்து மொழியில் சொல்லப் பழகுங்கள். டிரைவருக்குக் கூகுள் வரைபடத்தைவிடக் கோயில் பெயர் விரைவாகப் புரியும்.

உயில் எழுதுங்கள். தள்ளிப்போடாதீர்கள். தாய் சட்டப்படி, முழுவதும் உங்கள் கைப்பட எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட்டால் சாட்சிகூடத் தேவையில்லை. டைப் செய்தால் இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து. உயிலின்படி சொத்தைப் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக்கூடாது. யார் நிர்வகிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்றால், 2007இல் வந்த தேசிய சுகாதாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதை எழுதிவைக்க உரிமை தருகிறது. அந்த ஆசிரியைக்குக் குழாய் போட வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் யார் அதைச் சொல்ல? ஒட்டரிசி விற்கும் பெண் யார்? கணவன், பிள்ளை என்று கையெழுத்துப் போட ஆள் இல்லாதவர்கள்தான் இந்தக் காகிதத்தை எல்லோருக்கும் முன்னால் எழுத வேண்டும். ஆனால் அவர்கள்தான் எழுதுவதே இல்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டவர் இங்கே நிலம் வாங்க முடியாது, ஆகவே அன்பான பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் வாங்காதீர்கள். வாடகைக்கு இருங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை வடக்கில் வயலும் காடும் எரியும் புகை. ஆஸ்துமா இருந்தால் அந்த மாதங்களுக்குத் தெற்கே போங்கள், அல்லது முதலிலேயே திராங் மாதிரி ஓர் ஊரைப் பாருங்கள். தூக்க மாத்திரை, பலமான வலி மாத்திரை கொண்டுவருவதாக இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வராதீர்கள். தொண்ணூறு நாளுக்கொருமுறை இமிகிரேஷனில் முகவரி சொல்வதை யாரும் மறப்பதில்லை. அதற்கு மட்டும் எல்லோர் போனிலும் அலாரம் இருக்கிறது.

லம்பாங்குக்கு வராதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். குதிரை வண்டி இன்னும் ஓடுகிற ஊர். வார இறுதி மாலைகளில் வாங் ஆற்றோரத் தெருவில் நூல் புடவை கட்டிக்கொண்டு தனியாக நடந்து போய், ஏதாவது வறுத்ததை வாங்கித் தின்று, ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறேன். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தச் சுகம் வேண்டித்தான் நீங்களும் வருகிறீர்கள். வாருங்கள்.

மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த அக்கா ஒருவர் இங்கே ஐந்து வருடமாகத் தனியாக இருக்கிறார். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரே ஒரு தாள் ஒட்டியிருக்கிறார், தாய்லாந்து மொழியில். இரத்த வகை, மாத்திரைகள், தங்கை எண், என் எண், உயில் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது வரை. குளியலறையில் இரண்டு கைப்பிடிக் கம்பி. குளிக்கப் போகும்போது போனும் கூடவே போகும். தினமும் காலை ஆறரைக்கு வீட்டுக்காரம்மாவுக்கு லைன் (LINE) செயலியில் ஒரு சேவல் ஸ்டிக்கர். ஏழு மணிக்குள் சேவல் வராவிட்டால் வீட்டுக்காரம்மா மாற்றுச் சாவியோடு வரவேண்டும் என்று ஏற்பாடு.

"ஏன்க்கா, இவ்வளவு கணக்கு வேணுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நைட் டியூட்டியில நான் எத்தனை பேருக்கு வாயைத் துடைச்சுவிட்டுருக்கேன் தெரியுமாம்மா, யாரு எவருன்னு தெரியாம?" என்றார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நெட் காசு தீர்ந்துபோய் சேவல் போகவில்லை. ஏழு அடித்து ஐந்து நிமிடத்தில் வீட்டுக்காரம்மா, அவர் மகன், எதிர்வீட்டு நாய் எல்லாம் கூடத்துக்குள் நிற்கிறார்கள். அக்கா தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாராம்.