‘டெஸ்பேர்’ என்பது விரக்தி அன்று

மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் ‘டெஸ்பேர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் ‘விரக்தி’ என்று எழுதிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஒரே கட்டுரையில் ஐந்து இடங்களில் அதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

இலத்தீனில் ‘ஸ்பேஸ்’ என்றால் நன்மை வரும் என்னும் எதிர்பார்ப்பு. ‘டெஸ்பெராரே’ என்றால் அதை இழத்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘டெஸ்பரேட்’ இதன் உடன்பிறப்பு. இருந்த நம்பிக்கை அற்றுப்போவதே இச்சொல்லின் உயிர்.

விரக்தியோ வேறு குடும்பம். வடமொழியில் பற்றைக் குறிக்கும் ‘ரக்தி’யின் முன் ‘வி’ சேர்ந்து, பற்று நீங்கிய நிலையைச் சுட்டுவது அது. வைராக்கியமும் அதே வேரில் முளைத்ததுதான். துறவி தேடி அடைவது விரக்தி; ‘டெஸ்பேர்’ ஒருவன் தேடாமலே அவன்மேல் வந்து விழுவது. துறவிக்கு உலகம் வேண்டாம், இவனுக்கோ உலகம் வேண்டும், ஆனால் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. வைராக்கியம் மன உறுதி என்று பொருள் மாறியபோது ஏற்றுக்கொண்டோமே, விரக்தி மாறினால் என்ன என்று கேட்பார்கள். மாறட்டும், ஆனால் ஒரு பொருளில் நிற்கட்டும். பதவி கிடைக்காத எரிச்சல், தேர்வில் தோற்ற ஏமாற்றம், வேலையில் சலிப்பு, வாழ்வே முடிந்தது என்னும் இருள் ஆகிய நான்குக்கும் நாளிதழ்கள் இந்த ஒரே சொல்லைத்தான் ஏவுகின்றன. எல்லாவற்றையும் சொல்லும் சொல் எதையும் சொல்வதில்லை. அகராதியைப் புரட்டச் சோம்பும் மொழிபெயர்ப்பாளருக்கு அதுவே வசதியாகிவிடுகிறது.

மற்ற போட்டியாளர்களும் தேறவில்லை. ‘அவநம்பிக்கை’ பிறர்மீது கொள்ளும் ஐயம். ‘நம்பிக்கையின்மை’ என்றதும் சட்டமன்றத் தீர்மானம் நினைவுக்கு வருகிறது. தவிரவும், அது இல்லாமையைச் சொல்கிறதே ஒழிய இழந்ததைச் சொல்லவில்லை. ‘நிராசை’ வடமொழியில் சரியான சொல்தான். ஆனால் தமிழில் ஆசை என்பது விருப்பம் ஆகிவிட்டதால், நிறைவேறாத விருப்பம் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

எனக்குப் பிடித்த சொல் ‘கையறவு’. பாரியை இழந்த அவன் மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டுக்குத் துறை கையறுநிலை; அதைவிடச் செறிவான சொல் எங்கே கிடைக்கும்? ஆயினும் ‘கை’ இங்கே செயலைக் குறிப்பதால் அது செய்வதறியாமையின் பக்கமே சாய்கிறது. இன்றைய தலையங்கங்களிலும் ‘கையறு நிலையில் அரசு’ என்றுதான் வருகிறது. ஆசைப்பட்டு அதை இங்கே இழுத்துவந்தால் நானும் விரக்திக்காரர்கள் செய்த தவற்றையே செய்தவன் ஆவேன்.

நல்ல சொல் விவிலியத் தமிழில் வெகுநாளாகக் கிடக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், 4:8இல், ‘கலக்கமடைந்தும் மனமுறிவடைகிறதில்லை’ என்று வரும். கலக்கம் ஒரு படி, முறிவு அதற்கும் அப்பால் என்ற வேறுபாடு அந்த ஒரே வரியில் துலங்குகிறது. முறிவது என்றால் முன்பு முழுதாக இருந்தது என்றுதானே பொருள்? ‘மனம்’ வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் ‘உளமுறிவு’ என்று எழுதிக்கொள்ளட்டும். அந்த வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. வினையாக வருமிடத்தில் பேச்சு வழக்கே கைகொடுக்கும்: நோயாளி பிழைப்பார் என்ற நம்பிக்கையை மருத்துவர் இழந்துவிட்டால், அவர் ‘கைவிரித்துவிட்டார்’ என்கிறோம்.

மனமுறிவை எடுத்துக்கொள்பவர்கள் மெய்ப்புத் திருத்துபவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். றன்னகரம் டண்ணகரம் ஆனால் அது விவாகரத்து.