வீடு மகளுக்கு, பத்திரம் வாப்பா பெயரில்

“எங்க ஊர்ல வீடு பொம்பளப் பிள்ளைக்குத்தான் சார், அதுதான் வழக்கம்.” கீழக்கரைப் பக்கமிருந்து சொத்துத் தகராறோடு வருகிறவர்கள் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். சொல்வது உண்மையும்கூட. கடலோர மரைக்காயர் குடும்பங்களில் மகளுக்கு நிக்காஹ் ஆகும்போது வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஆண்கள் முன்பு இலங்கைக்கும் மலாயாவுக்கும், இப்போது வளைகுடாவுக்கும் போகிற ஊரில், பெண் தன் சொந்தக் கூரைக்கடியில் இருப்பது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பல வீடுகளில் பத்திரம் மட்டும் வாப்பா பெயரிலேயே கிடக்கிறது. அவர் மௌத்தான (இறந்த) பிறகுதான் எல்லோருக்கும் அது ஞாபகம் வருகிறது.

ஷரியத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் எப்போதும் பகை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மதீனாவாசிகளின் நடைமுறைக்கே இமாம் மாலிக் பெரிய மதிப்புக் கொடுத்தார். நம் கரையில் பலரும் பின்பற்றும் மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) இமாம் ஷாஃபி, எகிப்துக்குப் போன பிறகு தம் தீர்ப்புகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். 1869 முதல் 1876 வரை துருக்கியின் உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டத்தின் 36ஆவது விதியே வழக்கத்தை நடுவராக ஏற்கிறது. ஆனால் வாரிசுப் பங்கு குர்ஆனிலேயே, நிஸா அத்தியாயத்தில், கணக்காக வந்துவிட்டது. அங்கே அறிஞர்கள் வழக்கத்துக்கு வளைந்துகொடுக்கவில்லை, சமூகங்கள்தான் வளைத்துக்கொண்டன. சுமத்ராவின் மினாங்கபாவ் முஸ்லிம்களிடம் பூர்வீகச் சொத்து இன்றும் பெண்வழியில்தான் இறங்குகிறது.

வழக்கம் என்றாலே பெண்ணுக்குச் சாதகம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1847இல் பம்பாய் நீதிமன்றம், கோஜா, மேமன் என்ற முஸ்லிம் சமூகங்களின் வழக்கத்தை ஏற்று மகள்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்று தீர்த்தது. தெளிவாக நிரூபித்த வழக்கம் சாஸ்திர வாசகத்தையும் மிஞ்சும் என்று, அன்றைய மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் சொன்னதும் நம் ராமநாதபுரம் ஜமீன் வழக்கில்தான். அது இந்துச் சட்டம் பற்றியது என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் மாற்றியது 1937ஆம் ஆண்டு ஷரியத் சட்டம். வாரிசுரிமை, மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருவது), தானம் போன்றவற்றில், எந்த வழக்கம் இருந்தாலும், முஸ்லிம்களுக்கு ஷரியத்தே பொருந்தும் என்றது. விவசாய நிலத்துக்கு இருந்த விலக்கையும் சென்னை மாகாணத்தில் 1949இல் எடுத்துவிட்டார்கள். ஆக, வீட்டு மனையானாலும் தென்னந்தோப்பானாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கைப் பாருங்கள். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டுவிட்டு வாப்பா மௌத்தாகிறார் என்று வையுங்கள். சொத்தை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. மூத்த மகள் இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீடு வாப்பா பெயரில் இருந்தால், அதிலும் அவருக்கு 32இல் 7தான். ஊர் வழக்கத்தைக் கோர்ட்டில் சொல்லி மீதியை வாங்க முடியாது.

வழி ஷரியத்திலேயே இருக்கிறது: ஹிபா, அதாவது தானம். உயிரோடு இருக்கும்போது வாப்பா கொடுக்கிறேன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், மகள் ஏற்க வேண்டும், சொத்து அவர் வசம் போக வேண்டும். மூன்றும் நடந்திருந்தால், எழுதிய ஹிபாவுக்குக்கூடப் பதிவு கட்டாயமில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வாய்வார்த்தை ஹிபாவுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர்கள் வழக்கு வரும்போது இருப்பதில்லை. பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாவற்றையும் மகள் பெயருக்கு மாற்றுங்கள். வசம் கொடுத்ததற்கு அவைதான் பேசும். ஒரே வீட்டில் தகப்பனும் மகளும் சேர்ந்து வாழ்ந்தால் தகப்பன் வெளியேறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

நான் அதிகம் பார்க்கும் கோளாறு “என் காலத்துக்குப் பின் மகளுக்கு” என்று எழுதிய பத்திரம். தலைப்பில் ஹிபா என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது உயில். வாரிசுக்கு எழுதும் உயில், மற்ற வாரிசுகள் எழுதியவர் மரணத்துக்குப் பின் சம்மதித்தால்தான் செல்லும். காக்கா (அண்ணன்) சம்மதிக்க மாட்டார் என்றுதானே எழுதினோம்!

மறுபக்கமும் உண்டு. “வீடு கொடுத்தாச்சு, தோப்பில் பங்கு கேட்காதே” என்று சகோதரிகளிடம் சொல்வது. உயிரோடு கொடுத்த ஹிபா வாரிசுப் பங்கில் கழியாது; தோப்பில் சகோதரியின் பங்கு அப்படியே நிற்கும். வாப்பா இருக்கும்போதே வாங்கிய விடுதலைப் பத்திரமும் செல்லாது, ஏனென்றால் வராத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: அதற்காகப் பணமோ சொத்தோ வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர் பின்னால் பங்கு கேட்க முடியாமல் போகலாம் என்று 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஜமாத்தில் வைத்துக் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்க்க ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். தருவார்கள்.

ஹிபாவை வாப்பா நல்ல தெம்போடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மரணப் படுக்கையில் கொடுக்கும் தானத்தைச் சட்டம் உயிலைப் போலத்தான் பார்க்கும். மகளுக்குக் கொடுத்தாலும் மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும்.