மணிக்கட்டுக்கு ஒரு கிழமை, உள்ளங்கைக்கு ஒரு கிழமை

ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கு வார அட்டவணை போடச் சொன்னால் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பெண்கள் பிரிவில் கருவிகள் நான்கு: வால்ட் (ஓடிவந்து மேசையைக் கையால் தள்ளித் தாண்டுவது), அன்ஈவன் பார் (உயரம் வேறுபட்ட இரு கம்பிகள்), பீம் (ஒடுங்கிய கட்டை), ஃப்ளோர் (தரைப் பயிற்சி). பயிற்சி நாளும் நான்கு என்றால் நாளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுவிடலாம். நியாயமான பங்கீடு போலத்தான் தெரியும். ஆனால் திங்களன்று வால்ட், செவ்வாயன்று ஃப்ளோர் என்று விழுந்துவிட்டால் கருவிதான் மாறுகிறது. இடி வாங்குவது அதே குதிகாலும் அதே மணிக்கட்டும்.

எனவே முதலில் எந்தக் கருவி உடம்பின் எந்த இடத்தில் சுமையை இறக்குகிறது என்று பார்க்க வேண்டும். வால்ட்டும் ஃப்ளோரும் மணிக்கட்டை அழுத்துகின்றன, காலில் தரையிறக்க அடியைக் கொடுக்கின்றன. பார் மணிக்கட்டை இழுக்கிறது, உள்ளங்கைத் தோலை உரிக்கிறது. பீமில் அடி குறைவு. ஆனால் 10 செ.மீ. அகலத்தில், தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் நிற்பதால் கவனம் சீக்கிரம் தீர்ந்துபோகும். பின்னால் வளையும் அசைவுகள் எங்கே வந்தாலும் கணக்கு கீழ்முதுகின் பெயரில்தான் எழுதப்படும்.

இவை ஒவ்வொன்றும் மீள்வதற்கு எடுக்கும் நேரம் வேறு. வால்ட் ஓட்டத்துக்குத் தசை செலவழிக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் (நொடிநேர வேகத்துக்கான எரிபொருள்) சுமார் 30 விநாடியில் பாதி திரும்பிவிடும். முழுதாக நிரம்ப 3 முதல் 5 நிமிடம். கடும் வலுப்பயிற்சிக்குப் பிறகு தசை தன்னைச் சீர்செய்துகொள்ள ஒன்றிரண்டு நாள். பாரில் உரிந்த தோலுக்கு அதைவிடக் கூடுதல். எலும்பின் போக்கு வேடிக்கையானது: அடுத்தடுத்து அடி விழுந்தால் சில பத்து அடிகளுக்குள் அதன் செல்கள் மரத்துப்போகின்றன, மறுபடி உணர்வு கூர்மையாகப் பல மணி நேரம் ஆகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. அப்படியானால் ஒரே நாளில் போடும் அறுபதாவது தரையிறக்கத்தால் எலும்பு வலுவாவது சொற்பம். தேய்மானம் மட்டும் முழுசாக மிஞ்சும்.

பத்து வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். வாரப் பயிற்சி மணிகள் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கைக்கணக்கு. பத்து மணி நேரம் என்றால் நான்கு நாள், நாளுக்கு 150 நிமிடம்.

திங்கள்: வால்ட், பார். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு கால் புதிதாக இருக்கும். கை தள்ளி முடித்ததும் தொங்கப் போகிறது.
செவ்வாய்: பீம், குட்டிக்கரணத் தொடர்களான டம்ப்ளிங் இல்லாத ஃப்ளோர் (நடன அசைவு, தாவல், திருப்பம்). மறுநாள் விடுமுறை என்பதால் கனமான வலுப்பயிற்சியும் இன்றைக்கே.
வியாழன்: ஃப்ளோர் டம்ப்ளிங், பார்.
சனி: நான்கையும் தொட்டு, ரொட்டீன்களில் (போட்டிக்கான அசைவுத் தொடர்) பாதி. வால்ட் நான்கைந்தோடு நிறுத்தம், பாரும் அளவாக.

இதில் கடுமையான தரையிறக்கங்கள் திங்களிலும் வியாழனிலும்தான். பார் இரண்டு நாள் தொடர்ந்து வருவதே இல்லை. செவ்வாயன்று புல்‑அப் எடுக்கலாமா என்று கேட்பார்கள், எடுக்கலாம். தோலை உரிப்பது ஊசலாடும்போது வரும் உராய்வு. அசையாமல் பிடித்துத் தொங்குவதால் அவ்வளவு சேதம் இல்லை.

150 நிமிடத்துக்குள் வரிசையும் முக்கியம். வார்ம்‑அப் 20, ஹேண்ட்ஸ்டாண்டும் (கையூன்றித் தலைகீழாக நிற்பது) உடலை இறுக்கிப் பிடிக்கும் வடிவங்களும் 10, முதல் கருவி 40, தண்ணீர் குடிக்க 5, இரண்டாம் கருவி 40, வலு 20, கடைசியில் நீட்டல் 15. புதிய, பயம் தரும் வித்தை முதல் கருவியில் முதல் 20 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். வலுப்பயிற்சியை முன்னால் தள்ளினால் சோர்ந்த தோளோடு பீமில் ஏறுவாள். அந்தத் தோள் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்தாலே கை பீமைத் தவறவிடும். ஸ்ப்ளிட்டில் (கால்களை இரு திசையில் முழுதாக விரித்து) நெடுநேரம் உட்காரும் நீட்டல் கடைசிக்கு ஒதுக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு: ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அது சட்டென்று உந்தும் வேகம் குறையும்.

வால்ட்டில் வரிசை நிற்பதை நேர விரயம் என்று நினைக்கும் கோச்சுகள் உண்டு. ஆறு பேர் வரிசையில் நிற்க, ஒருவருக்கு அரை நிமிடம் ஆனால், ஒவ்வொருத்திக்கும் முறை திரும்ப வர 3 நிமிடம். தசைக்கு வேண்டிய ஓய்வு காசில்லாமல் கிடைக்கிறது. அந்த இடைவெளியில் புஷ்‑அப் கொடுத்தால் அது போயிற்று. 40 நிமிடத்தில் முழு வேக வால்ட் 12, 13 போதும். பன்னிரண்டு பேர் நின்றால்தான் சிக்கல். உடம்பு ஆறிவிடும், குழுவை இரண்டாகப் பிரிப்பதே வழி.

தரையிறக்கத்தைத் தனியாக எண்ணிக் குறிக்க வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிச்சுற்றில் நான்காவதாக வந்த தீபா கர்மாகர் செய்த ப்ரொடுனோவாவை நினைத்துப் பாருங்கள்: மேசையைக் கையால் தள்ளியபின் காற்றில் இரண்டு முன் குட்டிக்கரணம், அதன் மொத்த வேகத்தையும் வாங்கிக்கொள்ளும் ஒரே தரையிறக்கம். கடினமான குட்டிக்கரணங்கள் முடியும்போது காலில் ஏறும் விசை உடல் எடையைப் போல் பத்து மடங்கை எட்டுவதுண்டு. அதனால் ஃபோம் குழியில் விழுந்ததை ஒரு கோடாகவும் கெட்டி மேட்டில் இறங்கியதை வேறு கோடாகவும் நோட்டில் போடுங்கள். நம் பத்து வயதுக்காரிக்குக் கெட்டி மேட் தரையிறக்கம் ஒரு நாளில் 30-ஐத் தாண்ட வேண்டியதில்லை என்பது எங்கள் கணிப்பு.

ஒரே வித்தையை இருபது முறை தொடர்ந்து செய்தால் அன்றைக்கு அழகாக வரும், அடுத்த வாரம் காணாமல் போயிருக்கும். அடிப்படை பிடிபட்டதும் கார்ட்வீல், தாவல், திருப்பம் என்று கலந்து செய்தால் அன்று தடுமாறினாலும் மனதில் தங்கும். கற்றதை மூளை பதித்துக்கொள்வது பெரும்பாலும் தூக்கத்தில். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. அதிகாலைப் பயிற்சிக்காக அதை வெட்டுவது நட்டக் கணக்கு.

பழுதாகும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. கையை ஊன்றும்போது மணிக்கட்டின் மேற்புறம் வலித்தால் முன்கையின் ஆரை எலும்பில் வளர்தட்டு (எலும்பு நீளும் மென்மையான பகுதி) நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். குதிகாலை இருபக்கமும் அழுத்தும்போது வலித்தால் அங்குள்ள வளர்தட்டில் எரிச்சல். பின்னால் வளையும்போது மட்டும் கீழ்முதுகு வலித்து, இரண்டு வாரமாகியும் போகவில்லை என்றால் முள்ளெலும்பில் அழுத்த முறிவா என்று மருத்துவரிடம் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை பிரிட்ஜ், வாக்கோவர் என்று முதுகைப் பின்னால் வளைப்பதெல்லாம் நிறுத்தம். மாதம் ஒருமுறை உயரம் அளப்பது நல்லது. எலும்பு நீளும் வேகத்துக்கு அதில் கால்சியம் படிவது பின்தங்குவதால், கிடுகிடுவென வளரும் மாதங்களில் தரையிறக்கத்தைக் குறைத்து வடிவப் பயிற்சியைக் கூட்ட வேண்டும்.

சுமை கூடுகிறதா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, இன்று எவ்வளவு கடினம் என்று 0 முதல் 10-க்குள் அவளையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். திங்கள் 6 என்றால் 900. செவ்வாய் 4, 600. வியாழன் 7, 1,050. சனி 5, 750. வாரம் 3,300. நான்கு நாளும் ஒரே எண்ணாக வந்தால் அட்டவணையில் ஏற்ற இறக்கமே இல்லை என்று பொருள். மூன்று வாரம் மெல்ல ஏற்றிவிட்டு, நான்காவது வாரம் எண்ணிக்கையை மூன்றில் இரண்டு பங்காக இறக்குங்கள்.

காய்ச்சலோ தேர்வோ வந்து வியாழன் தவறிப்போனால், விட்டதைச் சனிக்கிழமையில் சேர்க்காதீர்கள். சனி சனியாகவே இருக்கட்டும். இரண்டு வாரம் வராமல் இருந்தவள் திரும்பினால், முதல் வாரம் தரையிறக்கம் பாதி, பாரில் ஊசல் பாதி. தோல் மறுபடி கெட்டிப்பட அவ்வளவு நாளாவது ஆகும்.