போர்வையைக் கேட்கிறாரா, உதறுகிறாரா?

காய்ச்சல் வரப்போவதை உடம்பே முன்கூட்டிச் சொல்லிவிடும். பிடரி இறுகும். மின்விசிறிக் காற்று பட்டால் மேலெல்லாம் கூசும். நெற்றியைத் தொட்டவர் "அனலாகக் கொதிக்கிறதே" என்பார். படுத்திருப்பவரோ இன்னொரு போர்வை கேட்பார். சூடான உடம்புக்கு ஏன் குளிர்கிறது? சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் ஒரு மருத்துவர் இந்த முரண்பாட்டை உற்றுப் பார்த்தார். நோய் இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஒரு முறையின் வாசலிலேயே அதை வைத்தார்.

அவர் பெயர் சாங் சோங்ஜிங். ஊர், இன்றைய ஹெனான் மாகாணத்து நான்யாங். கிழக்கு ஹான் பேரரசு உடைந்துகொண்டிருந்த காலம் அது. தன் நூலின் முன்னுரையில் அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். எங்கள் குலத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தோம்; ஜியான்ஆன் ஆண்டுக்கணக்கு தொடங்கி, அதாவது கி.பி. 196 முதல், பத்து வருஷம் முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்குப் பேர் போய்விட்டார்கள். போனவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது ஷாங்ஹான் என்ற காய்ச்சல் நோய். கூட்டிப் பார்த்தால் ஒரே குலத்தில் தொண்ணூறு சாவுகளுக்கு மேல். அந்தத் துக்கத்திலிருந்து எழுதிய நூல் போர்களில் சிதறிப்போனது. வாங் ஷுஹே என்ற அரண்மனை மருத்துவர் பிறகு அதைத் தேடித் தொகுத்தார். சோங் அரசவை 1065-இல் சரிபார்த்து அச்சிட்டது. இன்று கையில் கிடைக்கும் 'ஷாங்ஹான் லுன்' அந்தப் பதிப்பின் வழி வந்ததுதான்.

ஷாங் என்றால் காயம், ஹான் என்றால் குளிர். குளிரால் பட்ட காயம். ஆனால் அக்காலத்தில் இந்தச் சொல் சளிக்காய்ச்சலை மட்டும் குறிக்கவில்லை. சூட்டு நோய்கள் எல்லாமே ஷாங்ஹான் இனம்தான் என்று அதற்கு முந்தைய பெருநூலான ஹுவாங்டி நெய்ஜிங்கே சொல்லியிருந்தது. இன்றைய சீன மொழியில் இதே சொல் டைபாய்டுக்குப் பெயர். ஆகவே இந்த நூலை ஜலதோஷத்துக்கான கைவைத்தியமாக நினைத்துத் திறந்தால் ஏமாந்துபோவோம். ஊரையே காலி செய்த காய்ச்சல்களின் நடுவே நின்று எழுதப்பட்டது அது.

நோயின் போக்கை அது ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. தாய்யாங், யாங்மிங், ஷாவ்யாங் ஆகிய மூன்றும் யாங் பக்கம். தாய்யின், ஷாவ்யின், ஜுவேயின் ஆகிய மூன்றும் யின் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வரி கோடு போடுகிறது: காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் நோய் யாங்கில் எழுந்தது, காய்ச்சல் இல்லாமல் குளிர் மட்டும் இருந்தால் யின்னில் எழுந்தது. யாங் பக்கத்தில் உடம்புக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு இருக்கிறது. யின் பக்கத்தில் அந்தத் தெம்பு கரைந்துகொண்டிருக்கிறது. நோய்க்கு என்ன பெயர் என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். சண்டை எதுவரை வந்துவிட்டது, உடம்பிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதுதான் முதல் கேள்வி.

இதை இன்றைய உடலியலோடு வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையான வியப்பு வந்தது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்புச் சூட்டுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. வழக்கமாக 37 டிகிரியை ஒட்டி. கிருமி நுழைந்ததும் தற்காப்பு அணுக்கள் சுரக்கும் பொருள்கள் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை ஊறச் செய்கின்றன. அளவு 39-க்கு ஏறுகிறது. உடம்பு அப்போது 38-இல் இருந்தாலும் மூளைக்கு அது குறைச்சல். உடனே தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்கிச் சூடு உண்டாக்குகின்றன, வியர்வை நின்றுபோகிறது. அதனால்தான் கொதிக்கும் உடம்புக்குக் குளிர்கிறது. சூடு அந்த அளவைத் தொட்டதும் குளிர் அடங்குகிறது. பிறகு அளவு இறங்கும்போது வியர்வை கொட்டி, போர்வை காலடிக்குப் போகிறது. ஆக, போர்வையைக் கேட்கிறாரா உதறுகிறாரா என்பதை வைத்தே காய்ச்சல் ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் இதைவிட நல்ல கருவி ஏது?

தாய்யாங் என்பது வாசல். நாடி மேலாக மிதக்கிறது, லேசாகத் தொட்டாலே விரலுக்குத் தட்டுப்படுகிறது. தலையும் பிடரியும் விறைத்து வலிக்கின்றன, குளிர் தாங்கவில்லை. இவ்வளவுதான் நூலின் முதல் வரி. அதற்குள்ளும் ஒரு பிரிவு உண்டு: வியர்க்கிறதா, இல்லையா? வியர்வை கசிந்துகொண்டே, காற்று பட்டால் கூசுகிறது என்றால் ஒரு வகை. வியர்வை அடைபட்டு, உடம்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல் வலித்தால் வேறு வகை. முன்னதற்குக் குவெய்ஜி கஷாயம், பின்னதற்கு மாஹுவாங் கஷாயம்.

குவெய்ஜி கஷாயத்தில் உள்ளவை ஐந்தே சரக்குகள்: சீனக் கருவாப்பட்டை மரத்தின் சிறுகிளை, பியோனி வேர், அதிமதுரம், இஞ்சி, பன்னிரண்டு சீன இலந்தைப் பழங்கள். ஏழு பங்கு தண்ணீர் விட்டு மெல்லிய தீயில் மூன்று பங்காக வற்றவைத்து, ஒரு பங்கு குடிக்க வேண்டும். நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்கு அடுத்து வருவதைத்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சூடாக நீர்த்த கஞ்சி ஒரு கிண்ணம் குடி, அது மருந்துக்குக் கைகொடுக்கும். போர்த்திப் படு. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். உடம்பு முழுக்க லேசாக ஈரம் கசிய வேண்டும், அதுவே நல்லது. தண்ணீராக ஓடவிட்டால் நோய் போகாது. முதல் வேளையிலேயே வியர்த்துக் குணமானால் அதோடு நிறுத்து, மீதிக் கஷாயத்தைக் குடிக்காதே. பச்சையாக எதுவும் வேண்டாம், குளிர்ந்தது, பிசுபிசுப்பானது, இறைச்சி, மது வேண்டாம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை வைத்து ஈரம் பார்த்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

வியர்வையோடு நோய் வெளியேறுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வைரஸ் வியர்வை வழியாகப் போய்விடுவதில்லை. மூளை வைத்த அளவு இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம்தான் வியர்வை. விளக்கம் தவறு. ஆனால் எப்போது நிறுத்துவது என்பதற்கு அவர்கள் பிடித்த அடையாளம் சரியான இடத்தில் இருக்கிறது.

மாஹுவாங் கஷாயத்தின் கதை வேறு. மாஹுவாங் என்பது எபிட்ரா செடி. ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1885-இல் அதிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் கே. கே. சென், கார்ல் ஷ்மிட் இருவரும் 1924-இல் அதன் செயலை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தாக ஆஸ்துமாக்காரர்களுக்குப் பல ஆண்டுகள் அது உதவியது. அதே பொருள் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எடை குறைக்கும் மாத்திரைகளில் அதைச் சேர்த்து விற்றபோது ஆபத்துகள் வந்து, அமெரிக்கா 2004-இல் அந்தத் துணை உணவுகளைத் தடை செய்தது. சாங் சோங்ஜிங்கின் நூல் தொண்டை வறண்டவருக்கு வேண்டாம், மூக்கில் ரத்தம் வடிகிற வழக்கமுள்ளவருக்கு வேண்டாம், ரத்தம் இழந்தவருக்கு வேண்டாம் என்று வியர்வை வரவழைப்பதற்குத் தடைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறது. மாத்திரை விற்றவர்கள் செடியை எடுத்துக்கொண்டார்கள், தடைகளை விட்டுவிட்டார்கள்.

வாசல் காவல் உடைந்தால் யாங்மிங். இப்போது போர்வை பறக்கிறது. உடம்பு கொதிக்கிறது, வியர்வை தானாகவே வழிகிறது, குளிர் தெரியவில்லை, மாறாகச் சூடு தாங்கவில்லை. தாகம் அடங்குவதில்லை. இதற்கு ஜிப்சமும் அரிசியும் சேர்ந்த வெண்புலிக் கஷாயம். சூடு குடலில் இறங்கி இறுகிவிட்டால் மலம் கட்டும், மாலையில் காய்ச்சல் அலையாக ஏறும், நோயாளி பிதற்றத் தொடங்குவார். அப்போது ரேவல்சின்னிக் கிழங்கு சேர்ந்த பேதி மருந்து.

ஷாவ்யாங் உள்ளும் அல்ல, வெளியும் அல்ல. குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வருகின்றன, வாய் கசக்கிறது, விலாப்புறம் அடைத்துக்கொள்கிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. வியர்க்கவைப்பதும் கூடாது, பேதியும் கூடாது; சமன் செய்ய ச்சாய்ஹு வேர் சேர்ந்த ஒரு கஷாயம். இதன் ஜப்பானிய வடிவத்துக்கு ஷோ-சைகோ-தோ என்று பெயர். நாள்பட்ட கல்லீரல் அழற்சிக்காக அங்கே லட்சக்கணக்கானோருக்குக் கொடுத்தார்கள். 1996-இல் ஜப்பான் சுகாதார அமைச்சகம், அதை எடுத்தவர்களில் 88 பேருக்கு நுரையீரல் திசு அழற்சி வந்ததையும் அவர்களில் 10 பேர் இறந்ததையும் அறிவித்தது. நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்காமல் நோயின் பெயரை வைத்து மருந்தைக் கொடுத்ததே காரணம் என்று மரபு மருத்துவர்கள் பலர் சொன்னார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்ற பேச்சுக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

யின் பக்கம் வந்தால் காட்சியே மாறுகிறது. தாய்யின்னில் வயிறு உப்பி, வாந்தியும் கழிச்சலுமாக, தாகம் இல்லாமல் கிடக்கிறார் நோயாளி. மருந்தில் நம் வீட்டுச் சுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அடுத்தது ஷாவ்யின். அதை அந்த நூல் இரண்டே துணுக்குகளில் சொல்கிறது: நாடி மெலிந்து இழையாக ஓடுகிறது, தூங்க மட்டுமே ஆசை. காய்ச்சல்காரர் அலறும்போது வீடு பதறும். அவர் சத்தமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு, கைகால் சில்லிட்டுக் கிடக்கும்போது 'நல்லவேளை, காய்ச்சல் விட்டது, தூங்குகிறார்' என்று நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் உயிரைக் குடிக்கும். இன்றைய மருத்துவர் இதே அடையாளங்களைப் பார்த்தால் ரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலை என்று சந்தேகப்பட்டு ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வேலையைத் தொடங்குவார். சாங் சோங்ஜிங் கையில் இருந்தது நாபிக் கிழங்கும் சுக்கும் அதிமதுரமும் சேர்ந்த கஷாயம். அந்த நாபிக் கிழங்கில் உள்ள அகோனிட்டின் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய விஷம். நெடுநேரம் கொதிக்கவைத்தால் அது சிதைந்து வீரியம் குறையும். இன்று ஷாவ்யின் அடையாளம் கண்ட வீடு அடுப்பை மூட்டக் கூடாது, ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

கடைசியான ஜுவேயின்னில் கைகால் சில்லிடுவதும் சூடேறுவதும் மாறி மாறி நடக்கிறது. எத்தனை நாள் குளிர், எத்தனை நாள் சூடு என்று எண்ணுகிறார்கள். சூட்டு நாள் அதிகமானால் பிழைப்பார், குளிர் நாள் அதிகமானால் நோய் முற்றுகிறது.

இந்த ஆறும் மாடிப்படி போல வரிசையாக இறங்கும் என்று பலர் எழுதுகிறார்கள். நாளுக்கு ஒரு நிலையாக ஆறு நாள் கணக்கு நெய்ஜிங்கில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சாங் சோங்ஜிங் அதைப் பிடித்துத் தொங்கவில்லை. முதல் நாள் தாய்யாங்கில் நோய் பட்டாலும் நாடி அமைதியாக இருந்தால் அது மேலே நகராது என்கிறார். இரண்டு நிலைகள் ஒன்றாக வரலாம். வயதானவருக்கோ பலவீனருக்கோ நேராக யின்னில் விழலாம். நூலில் பெரும்பங்கு இடம் பிடிப்பது தவறான வைத்தியம்தான்: வாசலில் நிற்கும் நோய்க்குப் பேதி கொடுத்து உள்ளே இழுத்துவிட்டார்கள், வியர்க்கவே கூடாதவரை வியர்க்கவைத்தார்கள், இப்போது என்ன செய்வது? நாடியையும் அடையாளத்தையும் பார், எங்கே பிசகியது என்று அறி, அதற்கேற்பச் செய் என்கிறது ஒரு வரி. நோய் கொன்றதோடு வைத்தியமும் கொன்றதைக் கண்ட மனிதர் அவர்.

குளிர்தான் காரணம் என்ற அடிப்படையைப் பிற்காலச் சீன மருத்துவர்களே கேள்வி கேட்டார்கள். 1641-இல் கொள்ளைநோய் பரவியபோது பழைய கஷாயங்கள் பலிக்கவில்லை. மறு ஆண்டு வூ யூஷிங், இது குளிரும் காற்றும் அல்ல, வாய் வழியும் மூக்கு வழியும் நுழையும் தனியொரு கெட்ட பொருள் என்று எழுதினார். நுண்ணோக்கி இல்லாமல் அவர் அவ்வளவு தூரம் வந்தார். மறுபக்கம், குளிருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் கார்டிஃபில் 2005-இல் 90 பேரின் பாதங்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்தார்கள். அடுத்த சில நாளில் அவர்களில் 13 பேர் சளி பிடித்ததாகச் சொன்னார்கள். காலி வாளியில் கால் வைத்த 90 பேரில் 5 பேர். சிறிய ஆய்வு, அவர்கள் சொன்னதை வைத்து எடுத்த கணக்கு. மூக்கில் ஏற்கெனவே பதுங்கியிருந்த வைரஸுக்குக் குளிர் வழிவிட்டிருக்கலாம் என்பதற்கு மேல் அதில் ஏற முடியாது.

ஷாங்ஹான் லுன்னின் கடைசி வரி, நோய் விட்ட பிறகு வரும் ஒரு சின்னத் தொல்லையைப் பற்றியது. நாடி தெளிந்துவிட்டது. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் நோயாளிக்கு உள்ளுக்குள் ஒரு புழுக்கம், இருப்புக்கொள்ளவில்லை. காரணம் பயப்படும்படி ஒன்றும் இல்லை: இப்போதுதான் எழுந்தவர், வீட்டார் வற்புறுத்திச் சோறு ஊட்டிவிட்டார்கள், வயிற்றுக்கு இன்னும் அதைச் செரிக்கத் தெம்பு வரவில்லை. சோற்றைக் குறைத்துக் கொடுங்கள், சரியாகிவிடும்.